மகளுக்கு ஒருதரம் போதும்

நான் ஒன்பது வயதிலேயே அப்பாவின் அதிகாரத்திலிருந்து சட்டப்படி விடுதலையாகிவிட்டவன் என்று, என் இருபத்தாறாவது வயதில், ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தேன். வெறுமனே நம்பியிருந்தால் பரவாயில்லை. பயந்து, சோறு இறங்காமல், எங்கள் வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு அடிக்கடி சுகமில்லாமல் வந்தால் அம்மன் கோயிலில் கொண்டுபோய் விற்று வாங்குவார்கள். தகப்பன் பிள்ளையை ஐயரின் கையில் கொடுப்பார். ஐயர் அம்மனின் பெயரால் ஏற்றுக்கொள்வார். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை அம்மனுடையது. பிறகு தகப்பன் தட்டில் கொஞ்ச நெல்லும் சில்லறையும் வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். இன்னாரின் பிள்ளையைத் தேடி வருகிற நோய், இது அம்மனின் பிள்ளையல்லவா என்று விலாசம் தவறித் திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. என்னை அப்பா மூன்று தரம் விற்றார். வலிப்புக்கு ஒருதரம், சின்னமுத்து அம்மைக்கு ஒருதரம், மூன்றாந்தரம், ஒன்பது வயதில், நான் ஓயாமல் மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்ததற்கு. மூன்றாந்தரம் போனபோது ஐயர், "திரும்பவுமோ?" என்று கேட்டதாக அம்மா சொல்லிச் சிரிப்பார்.

இது ஒருபக்கம் இருக்க, நான் எங்கள் திருமலைத் துறைமுக நகரத்து நீதிமன்றத்தில் பிஸ்காலாகச் சேர்ந்த புதிது. பிஸ்கால் என்றால் நீதிமன்றம் அனுப்புகிற அழைப்பாணைகளை உரிய ஆளின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒளிந்துகொள்கிற உத்தியோகம். அலுவலகத்து அலுமாரியில் கறையான் மிச்சம் வைத்த சட்டப் புத்தகங்கள் கிடந்தன. ஒரு மத்தியானம், உட்துறைமுகக் காற்றும் ஓய்ந்துபோன நேரத்தில், நித்திரை கொள்ளாமல் இருப்பதற்காக ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

பழைய ரோமாபுரிச் சட்டம். அங்கே தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகன் அவர் கைக்குள்தான். மகனுக்கு ஐம்பது வயதாகலாம், பேரப்பிள்ளை காணலாம், படையே நடத்தலாம், ஆனால் அவன் பெயரில் ஒரு ஆட்டுக்குட்டிகூட இருக்காது. அவன் விடுபட ஒரு வழி இருந்தது. தகப்பன் அவனை மூன்று தரம் விற்க வேண்டும். நம்பிக்கையான ஒரு நண்பன் வாங்குகிறவனாக வருவான். ஐந்து சாட்சி, ஒரு தராசு, ஒரு துண்டு வெண்கலம். நண்பன் வாங்கி, உடனே விடுவித்துவிடுவான். விடுவித்ததும் மகன் மறுபடி தகப்பனின் கைக்குள் போய் விழுவான். இரண்டாந்தரமும் அதே கூத்து. மூன்றாந்தரம் விற்றால் தகப்பனின் பிடி அறுந்துவிடும், அதற்குப் பிறகு விடுவிக்கப்பட்ட மகன் தன்பாட்டில் ஒரு ஆள். மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் மூன்று தேவையில்லை, ஒருதரம் போதும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

அந்தக் கீழ் வரியை நான் அப்போது கவனிக்கவில்லை. மூன்று என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். விரலை மடித்து எண்ணினேன். வலிப்பு, சின்னமுத்து, மரம்.

அதோடு புத்தகத்தை மூடியிருந்தால் சந்தோசமாக இருந்திருப்பேன். அடுத்த பக்கத்தையும் படித்தேன். அப்படி விடுபட்ட மகனுக்கு அந்தக் காலத்தில் தகப்பனின் சொத்தில் உரிமை இல்லாமல் போய்விடுமாம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு, அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக் கட்டியது. அந்த வீட்டில் எனக்கும் ஒரு பங்கு வரும் என்று நம்பித்தான் நான் கலியாணப் பேச்சுக்கே தலையாட்டியிருந்தேன். அன்றைக்குப் பின்னேரம் அப்பாவிடம், "என்னை வித்த மூண்டு தரமும் சாட்சிக்கு எத்தனை பேர் நிண்டவை?" என்று கேட்டேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம், "நாலாந்தரமும் விக்க வேணும் போல கிடக்கு" என்றார்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பதிவாளரிடம் போனேன்.

எங்கள் பதிவாளர் மனோன்மணி மிஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக ஏலாது. அவர் ஒருவரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. ஏச வேண்டி வந்தால் எழுந்து போய், சுவரிலுள்ள ஆளியை அமத்தி, தலைக்கு மேலே ஓடுகிற விசிறியை நிற்பாட்டுவார். திருமலை வெயிலில் அந்த விசிறி ஓய ஓய, மேசைகளில் படபடத்துக்கொண்டிருந்த கடதாசிகள் ஒவ்வொன்றாகப் படுக்கும். அலுவலகமே மூச்சைப் பிடிக்கும். அதற்குப் பிறகு அவர் மெல்லிய குரலில் சொல்வது கடைசி மேசை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். குற்றவாளிக்கு வியர்க்கும். குற்றம் செய்யாதவர்களுக்கும் வியர்க்கும், அதனால் அவர்களும் குற்றவாளியைத்தான் முறைப்பார்கள். தீர்ப்புச் சொல்லி முடிந்ததும் அவரே விசிறியைப் போடுவார். போட்டால் விசயம் முடிந்தது, பிறகு அந்தக் கதை எடுக்கப்படாது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் விசிறியை நிற்பாட்டினார்.

"குணம், அது ரோமாபுரி. அங்க வித்த அப்பாமாரும் செத்திட்டினம், வாங்கின ஆக்களும் செத்திட்டினம். நீங்க இருக்கிறது திருமலையில" என்றார்.

பிறகு அந்த வெக்கைக்குள்ளேயே, கடைசி மேசைக்கும் கேட்கும்படி, முழு வரலாற்றையும் எனக்கு ஒப்புவித்தார். ரோமாபுரியே பிற்காலத்தில் அந்தத் தராசுக் கூத்தைக் கைவிட்டு, நீதவான் முன்னால் போய்ச் சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டதாம். அந்தச் சட்டம் சுற்றி வளைத்து ஒல்லாந்துக்குப் போய், ஒல்லாந்தரின் கப்பலில் ஏறி எங்கள் கரைக்கு வந்ததாம். வந்து சேர்ந்தபோது அதில் தராசும் இல்லை, வெண்கலமும் இல்லை. பிள்ளை கலியாணம் செய்தால் விடுபடும். தகப்பன் பிள்ளையைத் தனியே இருக்கவிட்டு, தனியே தொழில் செய்யவிட்டு, அதற்குச் சம்மதமாக இருந்தால், வாய் திறந்து சொல்லாவிட்டாலும் விடுபடும். இரண்டும் இல்லாவிட்டால் வயது வர வேண்டும். முந்தி இருபத்தொன்று, இப்போது பதினெட்டு.

"அப்ப பதினெட்டு வந்தா ஆர் மிஸ் அறிவிக்கிறது?" என்று கேட்டேன். அறிவித்தல் கொண்டுபோகிறவன் நான்தானே, அந்தக் கவலை எனக்கு.

"ஒருத்தரும் அறிவிக்கிறேல்ல. விடியும், அவ்வளவுதான்" என்று சொல்லி விசிறியைப் போட்டார்.

அந்த வீடு கடைசியில் தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. அதற்கு ரோமாபுரியின் உதவி தேவைப்படவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பத்தைந்தில் ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு தகப்பன் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போய், "மகனுக்குப் பதினெட்டாயிட்டுது, அவனை விட்டதுக்கு அத்தாட்சித் துண்டு எங்க எடுக்கிறது?" என்று கேட்டாராம். இளம் உத்தியோகத்தர்கள் சிரித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற தகுதி எனக்கில்லை. அவர்கள்தான், அதை வைத்து எங்கள் ஊழியர் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள்.

வேலை பழகிய கதை சுருக்கமானது. பழைய பிஸ்கால் ஒருவருக்குப் பின்னால் சைக்கிளில் கொஞ்ச நாள் போனேன், பிறகு அவர் ஓய்வில் போய்விட்டார், சைக்கிள் எனக்கு வந்தது. நாயோடு கதைக்கப் பழகினேன். கடதாசியை உரிய ஆளின் கையில் கொடுக்க வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் விசயத்தைச் சொல்லி, காலடியில் வைத்துவிட்டு வரலாம். ஆளே இல்லையென்றால் கதவில் ஒட்ட வேண்டும். திரும்பி வந்து, எங்கே, யாரிடம், எப்படிக் கொடுத்தேன் என்று சத்தியம் செய்து அறிக்கை எழுத வேண்டும். ஒருதரம் கோட்டைப் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கப் போன இடைவெளியில் ஒரு மான் வந்து அழைப்பாணையில் பாதியைத் தின்றுவிட்டது. அதையும் சத்தியம் செய்து எழுதினேன். அன்றைக்கு விசிறி நீண்ட நேரம் நின்றது.

எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் என்னோடு வேலை செய்த கிண்ணியா நஸீர். கடதாசியைக் கொடுக்க முதல் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. எங்கள் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்தவனை, பகைவன் என்றாலும், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார்கள். குடித்துவிட்டால் அந்தச் சீனியின் இனிப்பு நாக்கில் இருக்க, "உங்களுக்கு எதிரா வழக்கு" என்று சொல்ல வாய் வராது. நஸீர் ஒருதரம் மூதூரில் குடித்துவிட்டு, கடதாசியைக் கொடுக்காமலே படகேறி வந்துவிட்டார்.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன். சண்டையெல்லாம் ஓய்ந்து சில வருசத்துக்குப் பிறகு நடந்தது. அப்போது சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்திருந்தது.

சிவலிங்கம் என்று ஒருவர் மனுப் போட்டிருந்தார். வெருகல் பக்கத்தில் இரண்டாங் கலியாணம் செய்து வயல் செய்கிறவர். முதல் மனைவி சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் காலமாகிவிட்டார். அந்த மனைவியின் மகள் தர்சினி, பதினேழு வயது. அந்தப் பிள்ளையை, செத்த மனைவியின் தமையன் பெண்சாதி பாக்கியம் என்பவர் சல்லியில் பிடித்து வைத்து வேலை வாங்குகிறார், தகப்பனான என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மனு. பாக்கியத்துக்கான அழைப்பாணை என் கையில் வந்தது. பிள்ளையைக் கட்டி வைத்திருப்பார்கள், நான் போனால் கத்தியோடு வருவார்கள் என்று நினைத்து, மனைவியிடம் சொல்லிவிட்டே புறப்பட்டேன். அவ, "வரேக்க கருவாடு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றா.

சல்லியில் கடற்கரையோரமாக ஒரு கருவாட்டு வாடி இருந்தது. ஓலைக் கொட்டில், உப்புத் தொட்டி, மணலில் விரித்த வலைகளில் கீரி மீனும் நெத்தலியும் காய்ந்துகொண்டிருந்தன. ஒல்லியான ஒரு பெண்பிள்ளை, தலையில் துவாய் கட்டிக்கொண்டு, நடுத்தர வயதுப் பொம்பிளை ஒருவரைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, வெயில் சரியுது. கீரியைத் திருப்பாமல் ஆரோட கதை? நாளைக்கு லொறிக்காரனுக்கு ஈரத்தையே குடுக்கிறது?"

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டு குனிந்து மீனைத் திருப்பினார். நான் தொண்டையைச் செருமி, பாக்கியம் யார் என்று கேட்டேன். குனிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

பிடித்து வைத்திருக்கிறவர் அவர். பிடிபட்டவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாக்கியம் அம்மா என்னைக் கண்டதும் தேத்தண்ணி போட எழும்பினார். நான் விதிப்படி முதலில் கடதாசியை நீட்டினேன். தனக்கு எழுத்து வராது என்று அதை அவர் அப்படியே தர்சினியிடம் கொடுத்தார். அவள் நின்றபடி முழுவதையும் வாசித்தாள்.

"மாமி என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறாவாம்."

"நானோ?" என்றார் பாக்கியம் அம்மா. "நீதானே என்னை ஞாயிற்றுக்கிழமையும் விடுறேல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தர்சினிக்கு வரவில்லை. கோர்ட்டில் என்ன நடக்கும் என்று கேட்டாள். வழக்கு முடியும்வரை தகப்பனோடு போய் இரு என்று நீதிபதி சொன்னால் போகத்தான் வேண்டும் என்றேன்.

"எப்ப?"

"அண்டைக்கே."

அவள் மணலில் விரித்திருந்ததைப் பார்த்தாள். "அண்டைக்குக் காயப்போட்டதை என்ன செய்யிறது?"

இருபத்தைந்து வருசத்துக்குக் கிட்டக் கடதாசி கொடுத்திருக்கிறேன். அழுதிருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள், கிழித்து எறிந்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே மிச்சத்தைக் கேட்டேன். அம்மா செத்த வருசமே தகப்பன் வெருகலுக்குப் போய்விட்டார். போகும்போது, "நீ மாமியோட இருந்து எதையாவது பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பார்த்துச் செய்தாள். முதலில் ஒரு வலை, பிறகு தொட்டி, பிறகு வாடி. இப்போது மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் அவளிடம் வேலை. அங்கே வெருகலில் சின்னப் பிள்ளைகள் மூன்று, பார்க்க ஆளில்லை. அப்பாவுக்குத் திடீரென்று மகளின் நினைவு வந்தது. அவள் போனால் இந்த வாடி அந்தக் கிழமையே வேறு ஆளின் கைக்குப் போய்விடும், பிறகு பிடிக்க முடியாது.

"பதினெட்டு வர இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, அண்ண. அதுக்குள்ள கூட்டிக்கொண்டு போயிட்டாரெண்டா எல்லாம் போயிடும்" என்றாள்.

நான் திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். இன்ன இடத்தில், இன்னாரிடம், நேரே கையில் கொடுத்தேன் என்று ஒரு வரியில் முடிக்க வேண்டிய விசயம். பேனா நிற்கவில்லை. 'மேற்படி பாக்கியம் மேற்படி பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பதாகக் காணப்படவில்லை. மேற்படி பிள்ளையே மேற்படி பாக்கியத்தை வேலைக்கு வைத்திருப்பதாகக் காணப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மனோன்மணி மிஸ் அதை வாசித்தார். எழுந்தார். விசிறி நின்றது.

"இது அறிக்கையோ, கதையோ?"

"கண்டதை எழுதினனான், மிஸ்."

"உங்களைக் காணச் சொல்லி அனுப்பேல்ல. குடுக்கச் சொல்லித்தான் அனுப்பினது." அவர் இன்னொருதரம் வாசித்தார். வெட்டச் சொல்லப்போகிறார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். வெட்டினால் வெட்டியதற்கும் சத்தியம் செய்ய வேண்டி வரும், கிடக்கட்டும் என்று சொல்லி அறிக்கையைக் கோவைக்குள் வைத்தார். விசிறியைப் போட மறந்துவிட்டார். அன்று பின்னேரம் வரைக்கும் ஒருவருக்கும் எழும்பிப் போய்ப் போடத் துணிவு வரவில்லை.

என் அந்த இரண்டு வரி சிவலிங்கத்தாரின் சட்டத்தரணிக்குப் பிடிக்கவில்லை. எழுதியவரைச் சாட்சிக் கூட்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். ஆக எனக்கு அழைப்பாணை. பிஸ்காலுக்கு யார் அழைப்பாணை கொடுப்பது? ஒரு சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. நஸீர். அயர்ன் பண்ணிய சேட்டு, முகத்தில் ஒரு அந்நியம். என் மனைவி வழமைபோல, "வாங்கோ நஸீர், தேத்தண்ணி..." என்று தொடங்கினா.

"முதல்ல கடதாசி, பிறகுதான் தேத்தண்ணி" என்றார் நஸீர். "மச்சான், குணரத்தினம் என்கிறது நீங்கதானே?"

பதினெட்டு வருசம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதன் கேட்கிறான். நான் கதவுக்குப் பின்னால் ஒளிய நினைத்தேன், சத்தியமாக. மற்றவர்கள் ஏன் ஒளிகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வழக்கு நாள் வந்தது. தர்சினி நல்ல சட்டை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, மாமிக்குப் பக்கத்தில் இருந்தாள். சிவலிங்கத்தார் கையில் ஒரு பை வைத்திருந்தார். மகளுக்கென்று வாங்கின புது உடுப்பு. தீர்ப்புக் கிடைத்த கையோடு பஸ்ஸில் கூட்டிப்போகிற எண்ணம். கெட்ட மனிதன் என்று சொல்ல மாட்டேன். மகளை அவர் பார்க்கிற போதெல்லாம் கை அந்தப் பையைத்தான் தடவிக்கொண்டிருந்தது.

முதலில் அவர் சாட்சி சொன்னார். தர்சினிக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த இளம் சட்டத்தரணி, ஒல்லாந்தர் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார் போல, மெதுவாகத் தொடங்கினார். மகள் வாடி நடத்துவது தெரியுமா? தெரியும். எப்போதிருந்து? தொடக்கத்திலிருந்தே. தகப்பனைக் கேட்காமலா நடத்துகிறாள்?

சிவலிங்கத்தாருக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னைக் கேக்காமல் எப்பிடி? நான் விட்டபடியாத்தான் அவள் செய்யிறாள். என்ர சம்மதத்தோடதான் எல்லாம். தகப்பன் நான்."

தன் அதிகாரத்தை நிறுவுவதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவருடைய சட்டத்தரணி மெல்லக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். நீதிபதி எழுதிக்கொண்டார். பிள்ளையைத் தனியே இருக்கவும் தொழில் செய்யவும் தகப்பன் சம்மதித்தால் பிள்ளை விடுபடும் என்பதுதானே அந்தச் சட்டம். மகள் இன்னும் என் கைக்குள்தான் என்று காட்ட வந்த மனிதன், விட்டுவிட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் நிற்கவில்லை. தான் பிள்ளையை எப்படிப் பார்த்தவன் என்பதற்கு இன்னொன்றும் சொன்னார். வெருகலுக்குப் போகிற காலத்தில் பிள்ளைக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டதாம். தானே தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய் விற்றாராம்.

"திருப்பி வாங்கினது?" என்று நீதிபதியே கேட்டார்.

சிவலிங்கத்தார் குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்குச் சரியான சனம், ஐயா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது. பிறகு வந்து வாங்குவம் எண்டு..."

"வந்தீங்களோ?"

அவர் பையைப் பார்த்தார்.

நீதிபதி தர்சினியை எழும்பச் சொன்னார். "அப்ப உங்களை ஆர் வாங்கினது, பிள்ளை?"

"நான்தான், ஐயா" என்றாள். "கொஞ்ச நாள் பார்த்தனான். அப்பா வரேல்ல. பிறகு நானே நெல்லைக் கொண்டுபோய் வைச்சு என்னை வாங்கினனான்."

பாக்கியம் அம்மா மூக்கை உறிஞ்சினார். சிவலிங்கத்தார் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளை நிமிர்ந்து பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என் முறை. சிவலிங்கத்தாரின் மூத்த சட்டத்தரணி, பிள்ளை பாக்கியத்தை வேலைக்கு வைத்திருக்கிறது என்று எந்த அடிப்படையில் எழுதினீர் என்றார். கண்டதைச் சொன்னேன். மாமி கீரியைத் திருப்பாமல் கதைத்துக்கொண்டு நின்றதையும், பிள்ளை ஏசியதையும், லொறிக்காரன் வருவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதோடு இறங்கியிருக்கலாம். அவர் விடாமல், "அப்படியானால் இந்தப் பிள்ளை தகப்பனின் அதிகாரத்திலிருந்து விடுபட்டுவிட்டது என்று சொல்ல வருகிறீரா?" என்று குரலை உயர்த்தினார்.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்குத் திறந்துவிடும். அலுமாரியில் படித்த அந்தக் கீழ் வரி, அத்தனை வருசமும் எங்கேயோ கிடந்துவிட்டு, அந்த நேரம் பார்த்து வெளியே வந்தது.

"ரோமாபுரிச் சட்டப்படி மகளுக்கு ஒருதரம் போதும், ஐயா."

பதிவாளர் மேசையிலிருந்த மனோன்மணி மிஸ் அண்ணாந்து மண்டபத்து விசிறியைப் பார்த்தார். அதன் ஆளி அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அது ஒன்றுதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

நீதிபதி உதட்டை மடித்துக்கொண்டு, அது எந்தப் புத்தகம் என்று கேட்டார். அலுவலகத்து அலுமாரியில் இருக்கிறது, பாதியைக் கறையான் அரித்துவிட்டது என்றேன்.

"மற்றப் பாதியையும் அதுகள் கெதியா முடிக்கட்டும்" என்றார். "இறங்குங்கோ."

இறங்கும்போது படியில் தடுக்கியதை இங்கே எழுதவில்லை.

மூத்த சட்டத்தரணி எழுந்து, எது எப்படியிருந்தாலும் தீர்ப்பு வரும்வரை பிள்ளை தகப்பனோடு இருக்க இடைக்காலக் கட்டளை வேண்டும் என்று வற்புறுத்தினார். தர்சினி கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அவள் பயந்த இடம் இதுதான். கோயிலில் விற்றது சட்டத்தில் விற்பனையல்ல, ரோமாபுரிக்கும் இந்த மண்டபத்துக்கும் தூரம் அதிகம் என்றார் நீதிபதி. ஆனால் மகள் தொழில் செய்வது தன் சம்மதத்தோடு என்று தகப்பனே சொல்லியிருக்கிறார், அதனால் பிள்ளை விடுபட்டதா இல்லையா என்பதை இரு தரப்பும் எழுத்தில் வாதிட வேண்டும். அதுவரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கும். அடுத்த விசாரணைக்குத் தவணைத் திகதி ஒன்று பார்க்கச் சொன்னார்.

மனோன்மணி மிஸ் நாட்குறிப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. முன்னாலிருந்த கோவையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மேலே இருந்தது. கை இன்னும் சில பக்கம் தாண்டிப் போனது. ஒரு திகதியைச் சொன்னார். இரு சட்டத்தரணிகளும் குறித்துக்கொண்டார்கள். நீதிபதியும் தலையாட்டினார்.

சிவலிங்கத்தார் வெளியே வந்து, அந்தப் பையைப் பாக்கியம் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு ஒருநாள் மிஸ்ஸிடம், அந்தத் தவணை தற்செயலாக விழுந்ததுதானா என்று கேட்டேன். எழுந்து போய் விசிறியை நிற்பாட்டினார். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு விசிறியைப் போட்டார்.

அந்தத் தவணைக்கு முதலே தர்சினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ரோமாபுரியும் ஒல்லாந்தும் என்ன சொல்கின்றன என்பது தீர்மானிக்கப்படாமலே மனு தள்ளுபடியானது. அதை அவளுக்கு அறிவிக்க ஒரு கடதாசியும் எங்கள் பகுதிக்கு வரவில்லை. அவள் அன்று நீதிமன்றத்துக்கும் வரவில்லை. நல்ல வெயில். கீரி காயப்போட்டிருந்தாள்.